அதிவேக டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர்: முதல் சர்க்யூட்டை வரைவதிலிருந்து அளந்து பார்ப்பது வரை

சாதாரண ஆப்-ஆம்ப்பில் நான்கைந்து சர்க்யூட் கட்டிப் பழகிய ஒருவர் முதன்முறையாக ஒரு வேகமான ஏடிசியின் (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் ஐசி) டேட்டாஷீட்டைத் திறக்கிறார் என்று வையுங்கள். சிக்னல் உள்ளே போக ஒரு பின்னுக்குப் பதில் இரண்டு பின் இருக்கும். இரண்டும் கிரவுண்டைச் சுற்றி ஆடக் கூடாது, 0.95 வோல்ட் மாதிரி ஏதோ ஒரு நடு வோல்டேஜைச் சுற்றி, ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கும்படி ஆட வேண்டும் என்று போட்டிருக்கும். கையில் இருப்பதோ ஒற்றைக் கேபிளில் கிரவுண்டுக்கு மேலும் கீழும் ஆடுகிற சிக்னல். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒற்றைச் சிக்னலை இரட்டையாக்கி, நடு வோல்டேஜையும் மாற்றிக் கொடுப்பதுதான் நாம் பேசப்போகும் ஐசி.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஐசியோடு வேலை செய்வதில் பாதிக்கு மேல், அதன் இரண்டு பக்கங்களையும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான். ரெசிஸ்டர் மதிப்பு, சோர்ஸின் எதிர்ப்பு, போர்டில் ஓடும் தடம், கெப்பாசிட்டர் எல்லாமே இதில் வரும். ஒரு பக்கம் கனத்தால் தராசு சாய்வது போல, நீங்கள் ஒரு கையில் மட்டும் எதையாவது சேர்த்தால் வெளியீடு சாய்ந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்த வகை வேண்டும்

டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர் என்று தேடினால் இரண்டு வகை வரும். முதல் வகை, இரண்டு உள்ளீட்டுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தை எடுத்து ஒற்றை வெளியீடாகத் தருவது. நீளமான இரட்டைக் கம்பியின் மறுமுனையில் சிக்னலை வாங்குவதற்கு ஏடி8130 போன்றவை இந்த வகை. இரண்டாவது வகையில் வெளியீடும் இரண்டு, கூடவே வெளியீட்டின் நடு வோல்டேஜைச் சொல்ல விஓசிஎம் என்று ஒரு பின் இருக்கும். இதை முழு டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். ஏடிசியை டிரைவ் செய்ய இதுதான் வேண்டும், இந்தக் கட்டுரையும் இதைப் பற்றியதுதான்.

உங்கள் சிக்னலில் டிசி தேவையில்லை, சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் எல்லாம் நடக்கிறது என்றால் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதுமா என்று முதலில் பாருங்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம், தானாக இரைச்சலும் சேர்க்காது. டிசியிலிருந்து போக வேண்டும், கெயின் வேண்டும், பல்ஸின் வடிவம் கெடக் கூடாது என்கிற இடத்தில்தான் ஆம்ப்ளிஃபயர் தன் விலைக்கு வேலை செய்கிறது.

இரண்டு விதி போதும்

ஐசியைச் சுற்றி நான்கு ரெசிஸ்டர். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் முன்னால் ஒரு ஆர்ஜி, ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் உள்ளீட்டுக்குத் திரும்பி வரும் ஒரு ஆர்எஃப். பிளஸ் வெளியீட்டிலிருந்து வரும் ஆர்எஃப் மைனஸ் உள்ளீட்டுக்குப் போகும், மைனஸ் வெளியீட்டிலிருந்து வருவது பிளஸ் உள்ளீட்டுக்கு. இது மாறிவிட்டால் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகி, மின்சாரம் கொடுத்ததும் ஒரு வெளியீடு உச்சியிலும் மற்றது அடியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சில ஐசிகளின் படத்தில் பிளஸ் உள்ளீடு மேலே, மைனஸ் வெளியீடு மேலே என்று வரைந்திருப்பார்கள், சிலவற்றில் வேறு மாதிரி. படத்தில் இருக்கும் இடத்தை நம்பாமல் பின்னின் பெயரைப் பார்த்து இணையுங்கள்.

நடத்தையைப் புரிந்துகொள்ள இரண்டு விதி போதும். ஒன்று, இரண்டு உள்ளீட்டுப் பின்களும் எப்போதும் ஒரே வோல்டேஜில் இருக்கும். இது ஆப்-ஆம்ப்பில் பார்த்ததுதான். இரண்டு, இரண்டு வெளியீடுகளின் சராசரி எப்போதும் விஓசிஎம் பின்னில் கொடுத்த வோல்டேஜாக இருக்கும். இதற்கென்று ஐசிக்குள்ளேயே தனியாக ஒரு ஃபீட்பேக் வளையம் ஓடுகிறது.

சரி, ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு ரெசிஸ்டரும் 200 ஓம், விஓசிஎம் 2.5 வோல்ட். ஒரு ஆர்ஜியின் வெளிமுனை கிரவுண்டில் இருக்கிறது, மற்றதற்கு 1 வோல்ட் கொடுக்கிறோம். கெயின் என்பது ஆர்எஃப் வகுத்தல் ஆர்ஜி, அதாவது 1. எனவே வெளியீடுகளின் வித்தியாசம் 1 வோல்ட், சராசரி 2.5, ஆக ஒன்று 3.0 மற்றது 2.0. கிரவுண்ட் பக்கத்து உள்ளீட்டுப் பின் 0-க்கும் 3.0-க்கும் நடுவில், 1.5 வோல்ட். சிக்னல் பக்கத்துப் பின் 1-க்கும் 2.0-க்கும் நடுவில், அதுவும் 1.5. முதல் விதி சரியாக இருக்கிறது.

இப்போது உள்ளீட்டை 0 ஆக்குங்கள். வெளியீடு இரண்டும் 2.5, உள்ளீட்டுப் பின்கள் 1.25. அதாவது சிக்னல் 1 வோல்ட் ஏறும்போது உள்ளீட்டுப் பின்களும் கால் வோல்ட் கூடவே ஏறுகின்றன. ஆப்-ஆம்ப்பின் இன்வெர்ட்டிங் சர்க்யூட்டில் அந்தப் பின் நகராமல் நிற்கும், இங்கே அப்படி நிற்பதில்லை. இதை விட்டுவிடாதீர்கள், அடுத்து வரும் இரண்டு மூன்று விஷயங்களுக்குக் காரணமே இதுதான்.

சிக்னல் பக்கத்து ஆர்ஜி வழியாகப் போகும் கரண்டையும் பாருங்கள். உள்ளீடு 0 வோல்ட்டில் இருக்கும்போது 6.25 மில்லிஆம்பியர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வருகிறது, 1 வோல்ட்டில் 2.5 மில்லிஆம்பியர். 1 வோல்ட்டுக்கு 3.75 மில்லிஆம்பியர் மாற்றம் என்றால் சோர்ஸுக்குத் தெரியும் எதிர்ப்பு 266.7 ஓம். நீங்கள் போட்டது 200 ஓம்தான், ஆனால் பின் கூடவே நகர்வதால் அது பெரிதாகத் தெரிகிறது.

ஐசியைத் தேர்ந்தெடுப்பது

பேண்ட்விட்த் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது. ஏடி8138 என்றால் 320 மெகாஹெர்ட்ஸ், டிஎச்எஸ்4541 என்றால் கெயின்-பேண்ட்விட்த் 850 மெகாஹெர்ட்ஸ் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். என் சிக்னல் 50 மெகாஹெர்ட்ஸ்தானே, தாராளமாகப் போதும் என்று தோன்றும். சிக்னல் உயரம் குறையாமல் வருவதற்குப் போதும்தான். சுத்தமாக வருமா என்பது வேறு கேள்வி. ஃபீட்பேக்குக்கு என்று மிஞ்சுகிற கெயின்தான் டிஸ்டார்ஷனை அமுக்கிப் பிடிக்கிறது. 850 மெகாஹெர்ட்ஸ் ஐசியைக் கெயின் 1-இல் வைத்தால் நாய்ஸ் கெயின், அதாவது 1 + ஆர்எஃப் ÷ ஆர்ஜி, 2. எனவே 10 மெகாஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் 42 மடங்கு, 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் எட்டரை மடங்கு. அதனால் டேட்டாஷீட்டில் பேண்ட்விட்த் வரியைத் தாண்டி, உங்கள் அலைவரிசையில், உங்கள் வெளியீட்டு உயரத்தில், உங்கள் லோடில் இரண்டாம் மூன்றாம் ஹார்மோனிக் (சிக்னலின் இரண்டு, மூன்று மடங்கு அலைவரிசையில் எழும் டிஸ்டார்ஷன்) எவ்வளவு என்ற வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். லோடு எத்தனை ஓம் என்று போட்டு அளந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், 1 கிலோஓமில் அழகாக இருக்கும் எண் 200 ஓமில் அப்படியே இருக்காது.

ஸ்லூ ரேட்டுக்கு, அதாவது வெளியீடு எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பதற்கு, சின்னக் கணக்கு: 2 × பை × அலைவரிசை × உச்ச வோல்டேஜ். 50 மெகாஹெர்ட்ஸில் வித்தியாச வெளியீடு உச்சிக்கு உச்சி 2 வோல்ட் என்றால் உச்சம் 1 வோல்ட், தேவை மைக்ரோசெகண்டுக்கு 314 வோல்ட். இது குறைந்தபட்சம்தான், டிஸ்டார்ஷன் முக்கியம் என்றால் பல மடங்கு அதிகமாக உள்ளதை எடுங்கள்.

இன்னும் மூன்று வரியை மறக்காமல் தேடுங்கள். எந்தக் கெயினுக்குக் கீழே நிலையாக இருக்காது என்று போட்டிருக்கிறார்களா? உள்ளீட்டுப் பின் எவ்வளவு கீழே இறங்கலாம்? வோல்டேஜ் ஃபீட்பேக்கா கரண்ட் ஃபீட்பேக்கா? ஏடிஏ4927 போன்றவை கரண்ட் ஃபீட்பேக் வகை. அவற்றில் ஆர்எஃப் மதிப்பை டேட்டாஷீட் சொன்னபடிதான் போட வேண்டும், அதன் குறுக்கே கெப்பாசிட்டர் வைக்கவே கூடாது. முதல் தடவை என்றால் வோல்டேஜ் ஃபீட்பேக் வகையிலேயே தொடங்குங்கள் என்பது என் யோசனை.

ரெசிஸ்டர் கணக்கு

ஆர்எஃப் எவ்வளவு போடலாம்? டேட்டாஷீட் ஒரு மதிப்பைப் பரிந்துரைத்திருந்தால் முதலில் அதையே எடுங்கள். காரணமும் தெரிந்திருக்கட்டும். உள்ளீட்டுப் பின்னில் ஐசிக்குள்ளும் போர்டிலும் சேர்த்து ஓரிரு பிக்கோஃபாரட் எப்போதும் இருக்கும். ஆர்எஃப், ஆர்ஜி இரண்டும் 1 கிலோஓம் என்றால் அந்தப் பின்னில் தெரிவது 500 ஓம், 2 பிக்கோஃபாரடோடு சேர்ந்து 159 மெகாஹெர்ட்ஸில் ஒரு போல் (pole, அதற்கு மேல் சிக்னல் குறைந்து பின்தங்கத் தொடங்கும் அலைவரிசை) உண்டாகும். ஃபீட்பேக் வளையத்துக்குள் அது வந்து உட்கார்ந்தால் அலைவரிசை வரைபடத்தில் மேடு எழும்பும், பல்ஸின் விளிம்பில் துள்ளல் வரும். 200 ஓம் போட்டால் அந்த போல் (pole) 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். இரைச்சலும் குறையும்: 1 கிலோஓம் ரெசிஸ்டர் தனியாகவே ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட் தரும், 200 ஓம் 1.8 நானோவோல்ட்தான். ரொம்பவும் குறைத்தால் வெளியீடு அந்த ரெசிஸ்டரையே லோடாகச் சுமக்க வேண்டியிருக்கும், டிஸ்டார்ஷன் கூடும். பொதுவாக 200-இலிருந்து 500 ஓமுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நிறைய பேர் தடுமாறுகிற இடம், 50 ஓம் சோர்ஸை இணைப்பது. மெதுவாகப் போவோம். இலக்கு: 50 ஓம் சோர்ஸ், சரியாக டெர்மினேட் செய்தபோது (கேபிளுக்கு மறுமுனையில் 50 ஓம் தெரியும்போது) கேபிள் முனையில் 1 வோல்ட், வெளியீட்டு வித்தியாசம் 1 வோல்ட். ஆர்ஜி 200 ஓம்.

ஒற்றை உள்ளீட்டின் எதிர்ப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஆர்ஜியை, 1 − ஆர்எஃப் ÷ (2 × (ஆர்ஜி + ஆர்எஃப்)) என்பதால் வகுக்க வேண்டும். 200-க்கு 266.7 வரும், மேலே கையால் போட்டதும் இதுதான். கேபிளுக்கு 50 ஓம் தெரிய வேண்டுமானால் கிரவுண்டுக்கு இணையாக 61.5 ஓம் போட வேண்டும், கிடைக்கும் 1 சதவீத மதிப்பு 61.9. இதை ஆர்டி என்போம்.

இப்போது சிக்னல் பக்கத்துக் கையில் ஆர்ஜி மட்டும் இல்லை. சோர்ஸின் 50 ஓமும் 61.9 ஓமும் இணையாகச் சேர்ந்து 27.7 ஓம் அதற்கு முன்னால் நிற்கிறது. மறு கையில் வெறும் 200 ஓம்தான். இப்படியே விட்டால் இரண்டு கையும் சமமில்லை. ஆகவே கிரவுண்ட் பக்கத்து ஆர்ஜியை 227.7 ஆக்க வேண்டும். 200-உம் 27.4-உம் தொடராகப் போடலாம், அல்லது அருகிலுள்ள 226-ஐ எடுக்கலாம். 50 ஓமையும் 61.9 ஓமையும் இணையாகப் போட்டு அதன் மேல் 200 வைப்பவர்களும் உண்டு. இடம் கொஞ்சம் போகும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பாகங்கள் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

கெயினையும் திருத்த வேண்டும். சோர்ஸின் உள்ளே 2 வோல்ட் இருக்கிறது, 50-உம் 61.9-உம் பிரித்த பிறகு 1.106 வோல்ட் கிடைக்கும், அது 227.7 ஓம் வழியாக உள்ளே வருகிறது. 1 வோல்ட் வெளியே வர ஆர்எஃப் 227.7 ÷ 1.106, அதாவது 205.8 ஓம். 205 ஓம் போடுங்கள். ஆர்எஃப் மாறியதால் உள்ளீட்டு எதிர்ப்பு கொஞ்சம் நகர்ந்திருக்குமே என்று கேட்டால், ஆம், 271 ஓம் பக்கம் வரும், கேபிளுக்கு 50.4 ஓம் தெரியும். இன்னொரு சுற்றுக் கணக்குப் போட வேண்டிய அளவுக்கு அது பெரிதல்ல.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம். 2.5 வோல்ட் விஓசிஎம்மிலிருந்து ஆர்எஃப், ஆர்ஜி வழியாகச் சோர்ஸ் பக்கம் எப்போதும் ஒரு டிசி கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், நம் மதிப்புகளில் 5.8 மில்லிஆம்பியர். அது 27.7 ஓமில் இறங்கும்போது உங்கள் உள்ளீட்டுக் கனெக்டரில் சிக்னலே இல்லாமல் 0.16 வோல்ட் நிற்கும். இரண்டு கையும் சமமாக இருந்தால் வெளியீட்டில் இது தெரியாது, ஆனால் சோர்ஸுக்குத் தெரியும். சில சென்சார்களுக்கு இது பிடிக்காது. டிசி வேண்டாம் என்றால் இரண்டு ஆர்ஜிக்கும் தொடராக ஒரே மதிப்புக் கெப்பாசிட்டர் போட்டுவிடுங்கள், கரண்ட் நின்றுவிடும். இரண்டிலும் போட வேண்டும், ஒன்றில் மட்டும் போட்டால் முதலில் சொன்ன சாய்வு வந்துவிடும்.

எவ்வளவு சாயும் என்று எண்ணிலேயே பார்க்கலாம். நான்கும் 1 சதவீத ரெசிஸ்டர், நான்கும் மோசமான திசையில் விலகியிருந்தால், விஓசிஎம் 2.5 வோல்ட்டில் வெளியீட்டில் 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் வரும். 2 வோல்ட் ஏடிசியில் அது முழு அளவில் இரண்டரை சதவீதம். 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் 5 மில்லிவோல்ட்டாக இறங்கும். ஆஃப்செட்டாவது பரவாயில்லை, மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டில் காமன் மோடாக, அதாவது இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோல, வரும் குப்பையும் இதே வழியில் சிக்னலாக மாறி உள்ளே போகும், அதைக் கழிக்க வழியே இல்லை. எனவே இந்த நான்கு ரெசிஸ்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள், 0.1 சதவீத தின் ஃபிலிம் போடுங்கள்.

நடு வோல்டேஜ்

விஓசிஎம் பின்னை ஏடிசியின் விசிஎம் வெளியீட்டோடு (தனக்கு வேண்டிய நடு வோல்டேஜை ஏடிசியே தரும் பின்) இணைப்பதுதான் வழக்கம். பக்கத்திலேயே கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள், இந்தப் பின்னில் வரும் இரைச்சல் இரண்டு வெளியீட்டிலும் போய்த் தெரியும். இணைக்காமல் விட்டால் பெரும்பாலான ஐசிகள் உள்ளேயிருக்கும் ரெசிஸ்டர்களை வைத்துச் சப்ளையின் நடுவில் போய் நின்றுகொள்ளும், உங்கள் ஏடிசி 0.95 கேட்கும்போது 2.5 கொடுத்தால் உள்ளே உள்ள பாதுகாப்பு டயோடுகள் கரண்ட் எடுக்க ஆரம்பிக்கும். ஏடிசியின் விசிஎம் பின் எவ்வளவு கரண்ட் தர முடியும், ஆம்ப்ளிஃபயரின் விஓசிஎம் எவ்வளவு கேட்கும் என்பதையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

இனி உள்ளீட்டுப் பின்களின் எல்லை. விஓசிஎம் 2.5 வோல்ட், கெயின் 1, உள்ளீடு ±1 வோல்ட் என்றால் பின்கள் 1.0-க்கும் 1.5-க்கும் நடுவே ஆடும், எந்தப் பிரச்சினையும் இல்லை. விஓசிஎம்மை 0.95-க்கு இறக்குங்கள், அதே பின்கள் இப்போது 0.225-க்கும் 0.725-க்கும் நடுவே. ஒற்றை சப்ளையில் கிரவுண்டுக்கு ஒரு வோல்ட் மேலேதான் உள்ளீடு வேலை செய்யும் என்கிற ஐசியாக இருந்தால் இங்கேயே கதை முடிந்தது. கெயின் கூடக் கூட இது இன்னும் கீழே இறங்கும். அதனால்தான் டிஎச்எஸ்4541 மாதிரி மைனஸ் சப்ளை வரை உள்ளீடு இறங்கக்கூடிய ஐசிகள் இருக்கின்றன. அது கிடைக்கவில்லையென்றால் ஒரு சின்ன மைனஸ் சப்ளை கொடுங்கள், அல்லது மேலே சொன்ன கெப்பாசிட்டர் வழி. கெப்பாசிட்டர் போட்டால் டிசியில் உள்ளீட்டுப் பின்கள் விஓசிஎம்மிலேயே போய் உட்காரும்.

வெளியீட்டுப் பக்கம்

ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை நேராக ஏடிசி பின்னில் ஒட்டிவிடாதீர்கள். பல ஏடிசிகளுக்குள் ஒரு சாம்ப்ளிங் கெப்பாசிட்டர் ஒவ்வொரு கிளாக்கிலும் திறந்து மூடுகிறது, மூடும் கணத்தில் ஒரு உதை திரும்பி வரும். அந்த உதையை வாங்கிக்கொள்ளவும், கெப்பாசிட்டிவ் லோடைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் ஆசிலேட் ஆகாமல் இருக்கவும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு தொடர் ரெசிஸ்டர் வேண்டும். 10-இலிருந்து 50 ஓம் வரை போடலாம், ஐசிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அப்புறம் இரண்டு கோட்டுக்கும் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர். 25 ஓம் வீதம் இரண்டும், குறுக்கே 47 பிக்கோஃபாரடும் போட்டால் 68 மெகாஹெர்ட்ஸில் ஃபில்டர் கிடைக்கும், ஆம்ப்ளிஃபயரின் அகலமான இரைச்சலில் பெரும்பகுதியை அது வெட்டிவிடும். இந்தக் கெப்பாசிட்டர் சி0ஜி வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகையின் மதிப்பு வோல்டேஜோடு மாறும், நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைத்த டிஸ்டார்ஷன் அங்கே திரும்பி வந்துவிடும்.

போர்டு

வரைவதற்கு முன்னால் ஒருமுறை சிமுலேஷன் போடுங்கள். தயாரிப்பாளர் தரும் ஸ்பைஸ் மாடலை வைத்து, ஒவ்வொரு உள்ளீட்டுப் பின்னிலும் 1 பிக்கோஃபாரட், பிறகு 2 பிக்கோஃபாரட் என்று சேர்த்துப் பார்த்தாலே போர்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உள்ளீட்டுப் பின்தான் இந்தச் சர்க்யூட்டில் ரொம்ப மென்மையான இடம். ஆர்எஃப், ஆர்ஜி இரண்டும் அந்தப் பின்னை ஒட்டியே உட்கார வேண்டும், 0402 அளவு எடுங்கள். அந்தப் பின்களுக்கும் ஆர்எஃப்புக்கும் அடியில் கிரவுண்ட் பிளேன், சப்ளை பிளேன் இரண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் கிரவுண்ட் முழுசாக இருக்கட்டும், இங்கே மட்டும் ஒரு சின்ன ஜன்னல். பல ஐசிகளில் வெளியீட்டின் இன்னொரு பின்னை உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே ஃபீட்பேக்குக்கென்று கொடுத்திருப்பார்கள். ஆர்எஃப்பை அங்கிருந்து எடுத்தால் ஐசியைச் சுற்றி வளைத்துக்கொண்டு வர வேண்டாம்.

தடங்களின் நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் ஒப்பிட்டுக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண எஃப்ஆர்4 போர்டில் 1 மில்லிமீட்டருக்குத் தாமதம் 6, 7 பிக்கோசெகண்ட், 100 மெகாஹெர்ட்ஸில் அது கால் டிகிரி. அதைவிட, ஒரு உள்ளீட்டுப் பின்னுக்கு அடியில் மட்டும் கிரவுண்ட் மிச்சமிருப்பதோ, ஒரு பக்கத்துத் தடம் மட்டும் வியா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) வழியாக மறுபக்கம் இறங்கி ஏறுவதோ அதிகக் கெடுதல் செய்யும். ஐசியின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கத்தை வரைந்து முடித்ததும் அப்படியே கண்ணாடி பிம்பமாக மறுபக்கம் பிரதி எடுங்கள். டெர்மினேஷன் ரெசிஸ்டரின் கிரவுண்டும் மறு கையின் கிரவுண்டும் ஒரே இடத்தில் சேரட்டும்.

ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் ஒட்டியே, 10 மைக்ரோஃபாரட் கொஞ்சம் தள்ளி. அடியில் உள்ள உலோகப் பட்டையைக் கிரவுண்டில்தான் ஒட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில ஐசிகளில் அது மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கும், டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சாரம் கொடுத்த பிறகு

சிக்னல் கொடுக்காதீர்கள். உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டிவிட்டு, சப்ளை கரண்ட் டேட்டாஷீட் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே எடுக்கவில்லையென்றால் பவர்-டவுன் பின் தொங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு மல்டிமீட்டரில் இரண்டு வெளியீட்டையும் அளங்கள். இரண்டும் விஓசிஎம் அளவில் இருந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. ஒன்று மேலே, ஒன்று கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபீட்பேக் மாறியிருக்கிறது, அல்லது ஒரு ஆர்எஃப் சரியாகச் சால்டர் ஆகவில்லை. இரண்டும் சமமாக, ஆனால் தவறான வோல்டேஜில் இருந்தால் விஓசிஎம் பின்னைப் பாருங்கள்.

டிசி எண்கள் விசித்திரமாக இருக்கிறது, கரண்ட் அதிகம், ஐசி சூடாகிறது, பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் எண்கள் மாறுகிறது என்றால் அது ஆசிலேட் ஆகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பில் சுத்தமான கோடு தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், ஆசிலேஷன் 700 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்தக் கருவிக்கு அது தெரியாது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருந்தால் அதில் பாருங்கள்.

புரோபைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண 10 மடங்குப் புரோபின் முனையில் 10 பிக்கோஃபாரட் இருக்கும். அதை ஒரு வெளியீட்டில் மட்டும் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் கனம் ஏறும், அளப்பதே சர்க்யூட்டை மாற்றிவிடும், உள்ளீட்டுப் பின்னில் வைத்தால் கேட்கவே வேண்டாம். டிஃபரென்ஷியல் புரோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போர்டிலேயே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 950 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அங்கிருந்து 50 ஓம் கேபிள் வழியாக ஆசிலோஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கள், 20 மடங்குப் புரோப் தயார். போர்டு வரையும்போதே இதற்கு இடம் விட்டு வையுங்கள். கேபிளின் கிரவுண்ட் வழியாக டிசி கரண்ட் ஓடும் என்பதால் விஓசிஎம் அளவையும் இதில் கணக்கில் எடுங்கள்.

முதலில் 1 மெகாஹெர்ட்ஸ் சைன். ஒரு வெளியீட்டை மட்டும் பார்த்துவிட்டு கெயின் பாதிதான் வருகிறது என்று பதறாதீர்கள். வித்தியாசம் 2 வோல்ட் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் 1 வோல்ட்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரமா, நேர் எதிர் திசையா என்று பாருங்கள். பிறகு வேகமான விளிம்புள்ள சதுர அலை. விளிம்புக்குப் பின் இரண்டு மூன்று துள்ளலுக்கு மேல் அடங்காமல் போனால், வெளியீட்டு ரெசிஸ்டரை 10 ஓம் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் பிரச்சினை லோடில். மாறவே இல்லையென்றால் உள்ளீட்டுப் பின்னின் கெப்பாசிட்டன்ஸில் இருக்கிறது, வோல்டேஜ் ஃபீட்பேக் ஐசியாக இருந்தால் இரண்டு ஆர்எஃப்பின் குறுக்கேயும் அரையிலிருந்து 1 பிக்கோஃபாரட் வரை சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக டிஸ்டார்ஷன். 10 மெகாஹெர்ட்ஸ் சைனை நேராக ஜெனரேட்டரிலிருந்து கொடுத்தால் ஜெனரேட்டரின் ஹார்மோனிக்கைத்தான் அளப்பீர்கள், நடுவில் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் அவசியம். ஏடிசியின் வெளியீட்டை எஃப்எஃப்டி (அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டு 20, 30 மெகாஹெர்ட்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமமான டிஃபரென்ஷியல் சர்க்யூட்டில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருமளவு போய்விட வேண்டும். 30-இல் இருப்பது டேட்டாஷீட்டோடு ஒத்துப்போய், 20-இல் இருப்பது மட்டும் அதிகமாக நின்றால், ஐசியை மாற்றாதீர்கள். இரண்டு கையின் ரெசிஸ்டர்களைச் சால்டரிலிருந்து எடுத்து அளங்கள், சோர்ஸின் 50 ஓமை மறு கையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள், பைபாஸ் கெப்பாசிட்டர்களின் கிரவுண்ட் கரண்ட் ஒரு பக்கத்துத் தடத்துக்கு அடியில் மட்டும் ஓடுகிறதா என்று போர்டை எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.